இணையத்தளம் கட்டுவோரும் கட்டுவிப்போரும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்கக் காரியதரிசியார் எம்மை இங்கு பேசும்படி கேட்டபோது நாம் முதலில் மறுத்தோம். இம்மேடை கற்றறிந்தோர் நின்று பேசிய மேடை. நாமோ நால்வர் கூடி ஒரு சிறிய அறையிலிருந்து பிறருக்கு இணையத்தளம் கட்டிக் கொடுத்துப் பிழைப்பவர்கள். "உங்கள் தொழிலைப் பற்றியே பேசுங்கள். வாலிபர்களிற் பலர் அத்தொழிலுக்கு வரப் போகிறார்கள், பெரியவர்களிற் சிலர் உங்களுக்கு வேலை தரப் போகிறார்கள்" என்று அவர் கூறிய பின்னரே இணங்கினோம். ஆகவே கட்டுவோரையும் கட்டுவிப்போரையும் ஒரே கூரையின் கீழ் வைத்துப் பேசும் வாய்ப்பு இன்று கிட்டியிருக்கிறது. அதனை இலேசில் விடுவதாக இல்லை.

எமது குற்றம் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏழை மாணவர்க்கு உதவிப் பணம் வழங்கும் ஓர் அமைப்புக்கு நாம் இணையத்தளம் கட்டிக் கொடுத்தோம். பார்வைக்கு அழகான தளம். உதவிப் பண அறிவித்தலை அவர்கள் கடதாசியில் அச்சிட்டு, அதனைப் படம் பிடித்து, அந்தப் படத்தை அனுப்பினார்கள். நாமும் படத்தை அப்படியே ஏற்றி விட்டோம். விண்ணப்பப் படிவத்தில் பெயர், முகவரி, பாடசாலை என்பன கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. ஆனால் எந்த எழுத்து எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதைக் கணினிக்கு நாம் சொல்லவில்லை. கண்ணாற் பார்ப்பவர்க்கு அது தெரியும். முடிவுத் திகதி கழிந்து நான்காம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஒரு மாணவி, விழிப்புலனற்றவர், பல்கலைக்கழகத்திற் கற்பவர்.

"ஐயா, உங்கடை பக்கத்திலை அறிவித்தல் இருக்கெண்டு சிநேகிதப் பிள்ளையள் சொல்லுகினம். என்ரை போன் 'படம், படம்' எண்டு மட்டும்தான் சொல்லுது. படிவத்திலையும் 'கட்டம், கட்டம்' எண்டுதான் வாசிக்குது. தம்பி வீட்டை வந்தாப் பிறகு நிரப்புவம் எண்டு இருந்தன். அதுக்குள்ளை நாள் முடிஞ்சு போச்சு."

அமைப்பினரிடம் சொன்னோம். முடிவுத் திகதி எல்லோர்க்கும் ஒன்றே என்று பதில் வந்தது. அவர்களை நாம் குறை கூறவில்லை, குறை எம்முடையது. ஏனெனில் எப்படிக் கட்டினால் அந்த மாணவியின் கைத்தொலைபேசி அதனை வாசித்திருக்கும் என்பது எமக்கு நன்றாகவே தெரியும். விலைக் குறிப்பில் அதற்கென்று ஒரு வரியும் எழுதியிருந்தோம். விலையைக் குறைக்கும்படி அவர்கள் கேட்டபோது, நாமே பேனாவை எடுத்து வெட்டிய முதலாவது வரி அதுதான்.

அன்று தொடக்கம் எமது தொழிலில் எமக்கிருந்த கேள்வி எப்படிக் கட்டுவது என்பதன்று. பணம் தருபவரை எப்படி இணங்க வைப்பது என்பதே.

பெரியோர்க்காக இவ்விடத்திற் சிறிது விளக்க வேண்டும். எமது வீடுகளில் மின்சாரம் வந்த நாள் முதலாக வட்டக்கால் பிளக்கு, பெரிய வட்டக்கால் பிளக்கு, சதுரக்கால் பிளக்கு என மூன்று வகையுடன் நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மேசை விசிறி ஒன்று வாங்கினால் அதனுடன் 'அடப்டர்' ஒன்றும் வாங்க வேண்டும். சுவரிலுள்ள துவாரமும் கருவியின் காலும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று எல்லோரும் கூடி ஒப்புக்கொள்வதுதான் நியமம் என்பது. இணையத்துக்கும் அத்தகைய நியமங்கள் உண்டு. 1989ஆம் ஆண்டில் ஜெனீவா நகரிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் இருந்த திம் பேணர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர் இவ்வலைக்குரிய திட்டத்தை முன்வைத்தார். எந்தக் கணினியில் எழுதியதையும் எந்தக் கணினியிலும் வாசிக்கலாம் என்பதே அதன் உயிர். 1994இல் வேர்ள்ட் வைட் வெப் கொன்சோட்டியம் என்ற சங்கத்தை அவரே நிறுவினார். தலைப்பு இது, பந்தி இது, பொத்தான் இது, படத்தின் பொருள் இது என்று எழுதும் முறைகளை வகுத்து வெளியிடுவது அச்சங்கத்தின் பணி.

ஆனால் வியாபாரம் அவ்வளவு காலம் பொறுக்குமா? 1990களின் பிற்பகுதியில் நெற்ஸ்கேப் என்ற உலாவியும் மைக்கிரோசொவ்ற்றின் இன்ரநெற் எக்ஸ்புளோரரும் ஒன்றையொன்று வெல்லப் போட்டியிட்டு, ஒன்றுக்குப் புரியாத மொழியை மற்றது பேசத் தொடங்கின. 'இத்தளத்தை இன்ன உலாவியில் மட்டும் பாருங்கள்' என்று வாசலிற் பலகை தொங்கவிட்ட காலம் அது. ஒரே தளத்தை இரண்டு தரம் கட்ட வேண்டியிருந்தது. அதனைச் சகியாத தொழிலாளர் சிலர் 1998இல் வெப் ஸ்ராண்டேட்ஸ் புறொஜெக்ற் என்ற இயக்கத்தைத் தொடங்கி, உலாவி செய்யும் பெருங் கம்பெனிகளை நியமத்துக்கு வரும்படி நெருக்கினார்கள். இன்று நீங்கள் எந்தக் கைத்தொலைபேசியிலும் வங்கித் தளத்தைத் திறக்க முடிகிறதென்றால் அவ்வியக்கத்தாருக்கும் ஓரளவு நன்றி கூற வேண்டும்.

நியமத்தை விட்டு விலகியவர் பின்னர் பட்ட கஷ்டத்துக்குத் தென் கொரியா ஒரு சாட்சி. இணையத்திற் பணம் செலுத்துவதற்கு அக்ரிவெக்ஸ் என்ற இணைப்பு வேண்டுமென்று அங்கே ஒரு காலத்தில் ஏற்பாடு செய்து கொண்டார்கள். அது எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்குவது. உலகம் முழுவதும் வேறு உலாவிகளுக்கு மாறிய பின்னரும், வங்கிக்கும் கடைக்கும் போவதற்காகக் கொரியர்கள் நெடுங்காலம் அந்தப் பழைய உலாவியையே கட்டியழ வேண்டியிருந்தது. அதனைச் செய்த கம்பெனியே 2022 ஜூன் 15இல் அதற்கு ஓய்வு கொடுத்து விட்டது.

கொரியா தூரத்தில் உள்ளது. இப்போது வீட்டுக்கு வருவோம்.

எமது நாட்டில் தமிழ் தட்டெழுதுவோரிற் பெரும்பாலோர் பழகியது பாமினி எழுத்துரு. அதில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கணினியின் வயிற்றுக்குள் இருப்பது அம்மா அன்று. ஆங்கில 'எம்', 'கே', ஓர் அரைப்புள்ளி, மீண்டும் 'கே', பின்னர் 'எச்'. அவ்வளவுதான். ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டிருக்கிறோம். முகமூடி இல்லாத கணினிக்கு அது போனால் 'எம் கே கே எச்' என்றே காட்டும். திரையை வாசித்துச் சொல்லும் கருவியும் அப்படியே சொல்லும். தேடுபொறியில் ஒருவர் 'அம்மா' என்று தேடினால் அப்பக்கம் அகப்படாது. தமிழெழுத்துக்குரிய இடம் 1991ஆம் ஆண்டில் யூனிக்கோட்டின் முதற் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டு விட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அச்சுக்காகப் பாமினியிற் செய்த கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றும் வழக்கம் எம்மிடையே போகவில்லை. எழுதியவர் தமிழில் எழுதினார், வாசிப்பவர் தமிழர், இடையில் உள்ள கோப்பில் மட்டும் தமிழ் இல்லை! எமது சங்கத்துப் பழைய ஆண்டு மலர்கள் சிலவற்றின் கதியும் இதுவே. தட்டெழுதிக் கொடுத்த அன்பர் முன்வரிசையில் இருப்பதால் இதற்கு மேற் சொல்லாது விடுகிறோம்.

இனி, விழிப்புலனற்றவர் இணையத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதைக் கூற வேண்டும். பலர் அது முடியாத காரியம் என்றே எண்ணியிருக்கிறார்கள். திரைவாசிப்பான் என்ற மென்பொருள் பக்கத்திலுள்ளதைக் குரலிற் சொல்லும். ஐபோனிலும் அன்ரொயிட் தொலைபேசியிலும் அது வாங்கும்போதே உள்ளிருக்கிறது. நீங்கள் சட்டைப் பையிற் கொண்டு வந்த தொலைபேசியிலும் இருக்கும். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்பது இலவசமாகக் கிடைக்கிறது. வாலிபர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்: 2006இல் அதனைத் தொடங்கியவர் மைக்கேல் கரன் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், அவருடன் சேர்ந்தவர் ஜேம்ஸ் ரே. இருவரும் விழிப்புலனற்றவர்கள். சிறுவர்களாக இருந்தபோது ஓர் இசை முகாமிற் சந்தித்தவர்கள். விலை கொடுத்து வாங்க இயலாதவருக்காகத் தாமே எழுதி உலகுக்குக் கொடுத்தார்கள்.

அக்கருவி பக்கத்தை வாசிக்கும்போது நாம் எழுதிய குறிகளையே நம்புகிறது. ஒரு வரியைத் தலைப்பாகக் காட்ட இரண்டு வழி உண்டு. எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி விடலாம். அல்லது 'இது தலைப்பு' என்று குறியிட்டு விடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவரோ தலைப்புக்குத் தலைப்புத் தாவித்தான் நீண்ட பக்கத்தைக் கடக்கிறார். குறியில்லாவிட்டால் முதலெழுத்திலிருந்து முழுவதையும் கேட்டாக வேண்டும். நாம் பத்திரிகையை முதற் பக்கத்து முதற் சொல்லிலிருந்து ஒரு சொல்லும் விடாமல் வாசித்துத்தான் மரண அறிவித்தலுக்கு வர வேண்டுமென்றால் எத்தனை பேர் பத்திரிகை வாங்குவோம்? இரண்டு வழிக்கும் எமக்குப் பிடிக்கும் நேரம் ஒன்றே. கூலியும் ஒன்றே. சரியானதைச் செய்வதற்குத் தேவைப்படுவது பழக்கம் மட்டுமே. இத்தகைய விதிகளைத் தொகுத்து மேற்கூறிய சங்கம் 1999 மே மாதத்தில் முதலாவது வழிகாட்டியை வெளியிட்டது. 2008இலும் 2018இலும் 2023இலும் அது திருத்தி விரிக்கப்பட்டது.

விதி எழுதி இவ்வளவு காலமாகியும் நிலைமை என்ன? வெப்எயிம் என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் 10 இலட்சம் முகப்புப் பக்கங்களைப் பரிசோதிக்கிறது. 2025இல் அவற்றுள் 94.8 வீதமானவற்றில் அவ்வழிகாட்டிக்கு மாறான பிழை கண்டார்கள். அதிகமாகக் காணப்பட்ட பிழை, பின்னணியோடு ஒட்டிய மங்கலான எழுத்து. இது தொழில்நுட்பம் அறியாமையால் வந்ததென்று எவரும் சொல்ல முடியாது. கட்டுவோர் கேட்கவில்லை, கட்டுவிப்போர் கொடுக்கவில்லை என்பதே காரணமென்று நாம் நினைக்கிறோம்.

நாம் எப்படிக் கேட்டோம்? தொடக்கத்தில் இரக்கத்தை முன்வைத்துக் கேட்டோம். 'ஐயா, பார்வையற்றவர்களும் மனிதரல்லவா' என்றோம். எல்லோரும் தலையசைத்தார்கள். ஒருவர் கண் கலங்கினார். ஆனால் எவரும் பணம் தரவில்லை. பிறர்க்கிரங்கித் தருமம் செய்வோர் எம்மவரிற் குறைவில்லை. ஆனால் தருமக் கணக்கு வேறு, கடைக் கணக்கு வேறு என்று வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களைக் கோபிக்க முடியாது.

அடுத்து, சட்டத்தைக் காட்டினோம். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு எமது நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் ஏற்ற உடன்படிக்கை இணையத்தையும் எல்லோர்க்கும் எட்டச் செய்யுமாறு அரசுகளைக் கேட்கிறது. இலங்கை அதனை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இவற்றை ஒரு முதலாளியிடம் எடுத்துரைத்தபோது, "தம்பி, இதுவரை ஆரையாவது பிடிச்சவங்களோ?" என்று கேட்டார். பதில் சொல்ல இயலவில்லை. பிற நாடுகளிற் பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ராகெற் என்ற பெருங் கடை மீது பார்வையற்றோர் சங்கம் 2006இல் வழக்கு வைத்து, 2008இல் 60 இலட்சம் டொலருக்கு இணக்கம் காணப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் வியாபாரத் தளங்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறையில் உள்ளது. அங்குள்ள எமது மக்களுக்கு இங்கிருந்து சாமான் விற்போர் அதனை அறிந்திருத்தல் நன்று. எனினும் பயமுறுத்திப் பெற்ற சம்மதம் நிலைப்பதில்லை. பயம் தெளிந்த அன்றே வரி வெட்டப்படுகிறது.

ஆயினும் ஒரு வழக்கை மாத்திரம் நாம் இன்றும் எல்லோர்க்கும் சொல்வதுண்டு. அதிலுள்ள பாடம் தண்டனையிலன்று, கணக்கில் உள்ளது. 2000ஆம் ஆண்டில் சிட்னியில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றது. அதன் தளத்தைத் தம்மாற் பயன்படுத்த முடியவில்லை என்று புறூஸ் மக்வயர் என்ற விழிப்புலனற்ற அவுஸ்திரேலியர் 1999 ஜூனில், விளையாட்டுத் தொடங்குவதற்கு ஓராண்டுக்கு மேல் இருக்கும்போதே, மனித உரிமை ஆணைக்குழுவிடம் முறையிட்டார். அவர் கேட்டவை பெரியனவல்ல: படங்களுக்கு மாற்று வாசகம் எழுதுங்கள், நிகழ்ச்சி அட்டவணையிலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி செய்யுங்கள், முடிவு அட்டவணைகளை வாசிக்கக் கூடியதாக ஆக்குங்கள். ஏற்பாட்டுக் குழுவினர் முடியாது என்றார்கள். 1,295 வார்ப்புப் பக்கங்களை மாற்ற வேண்டும், ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்தால் 368 நாள் ஆகும், செலவு 20 இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் என்று கணக்குக் காட்டினார்கள். மறுபக்கத்துக்குச் சாட்சி சொன்ன நிபுணர்களோ, அதிலும் மிகக் குறைந்த காலத்தில் முடிக்கலாம் என்றார்கள். மக்வயர் வென்றார். விளையாட்டு ஆரம்பமாகும் செப்டெம்பர் 15இற்குள் திருத்தும்படி கட்டளை பிறந்தது. முழுதும் திருத்தவில்லை, 20,000 டொலர் நட்டஈடு கொடுக்கும்படி பின்னர் தீர்ப்பாயிற்று.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் நாம் கட்சிக்காரரிடம் கேட்பது ஒன்றே. 368 நாள் என்ற கணக்குப் பொய்யென்றே வைத்துக் கொள்ளுங்கள். மெய்யென்றாலும் வைத்துக் கொள்ளுங்கள். முதல் நாளிலே, முதலாவது வார்ப்புப் பக்கத்தைச் செய்யும்போதே, படத்துக்கு ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கணக்கு எழுந்திருக்குமா? வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது வாசலிற் சாய்வுத்தளம் வைப்பது ஒரு நாள் வேலை. நிலத்துக்கு மாபிள் பதித்த பின் வைப்பதென்றால் மாபிளை உடைக்க வேண்டும். வியாபாரிகளுக்கு இது உடனே விளங்குகிறது. அவர்களிற் பலர் வீடு கட்டியவர்கள்.

இலாபக் கணக்குக் கேட்போர்க்கு இங்கிலாந்திலே ரெஸ்கோ என்ற கடை செய்ததைச் சொல்வோம். அங்குள்ள பார்வையற்றோர்க்கான தேசிய நிறுவனத்தோடு கலந்து, 2001இல் 35,000 பவுண் செலவில் எளிமையான தளம் ஒன்றை அமைத்தார்கள். ஆண்டொன்றுக்கு 130 இலட்சம் பவுணுக்கு மேல் அதன் வழியாக விற்பனை நடந்தது. வேகமாகத் திறக்கிறதென்று பார்வையுள்ளோரும் அதிற் புகுந்து வாங்கினார்கள். பார்வையற்றோர்க்கென்று தனித் தளம் அமைப்பது நல்ல முறை என்று நாம் சொல்ல வரவில்லை. தனி வாசல் வைப்பதை எமது சமூகம் வேறு காரணங்களுக்காகச் செய்து வெட்கப்பட்டது போதும். கணக்கை மட்டும் எடுத்துக் கொள்க.

ஆனால் கதையிலும் கணக்கிலும் பார்க்க வலியது ஒன்று உண்டு. அது கட்சிக்காரரின் கையிலேயே காரியத்தைக் கொடுத்து விடுவது.

நகைக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் எம்மிடம் வந்தார். எழுபது வயதிருக்கும். வேறொருவர் கட்டிய தளம் ஒன்று அவருக்கு இருந்தது. அதனைப் புதுப்பிக்க வேண்டும். விலைக் குறிப்பைப் பார்த்தவர் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, உது என்ன வரி? எங்கடை கடைக்குக் கண் தெரியாத ஆக்கள் ஆர் நகை வாங்க வாறது?"

நாம் வாதாடவில்லை. "ஐயா, ஒருக்கால் வெளியிலை வாங்கோ" என்று தெருவுக்கு அழைத்துச் சென்றோம். நண்பகல் வெயில். அவருடைய தொலைபேசியில் அவருடைய தளத்தைத் திறந்து, கடையின் தொலைபேசி இலக்கத்தை வாசிக்கும்படி கேட்டோம். வெள்ளைப் பின்னணியிற் பொன்னிற மெல்லெழுத்து, மிக நேர்த்தி! அவர் தொலைபேசியைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னர் கடைக்குள் நின்ற பேரனைக் கூப்பிட்டு, "மோனை, இதை ஒருக்கால் வாசி" என்றார். பேரனுக்கும் வெயிலிற் கண் கூசியது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

"அந்த வரியைத் திரும்பப் போடும், தம்பி."

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேற்றுமை சாதாரண எழுத்தளவில் நாலரைக்கு ஒன்று என்ற விகிதத்திலேனும் இருத்தல் வேண்டும் என்று வழிகாட்டி கூறுகிறது. அந்த இலக்கத்தை நாம் அவருக்குச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் வென்றிருக்க மாட்டோம்.

இன்னொரு முறை, தனியார் மருத்துவமனை ஒன்றின் முகாமையாளர் முன்னிலையில் அவருடைய கணினியின் மவுஸைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்து விட்டு, விசைப்பலகையால் மட்டும் வைத்தியரைச் சந்திக்க நேரம் பதியுமாறு கேட்டோம். கை நடுங்குவோர், பாரிசவாதம் கண்டோர் பலர் மவுஸைப் பிடிக்க இயலாதவர், விசைகளைத்தான் அழுத்துவார்கள். அவருடைய நோயாளர் அவர்களே! திகதி தெரியும் கட்டத்துக்குள் அவர் புகுந்தார். வெளியே வர வழியில்லை. ஐந்து நிமிடம் முயன்று லாச்சியைத் திறந்தார். அவ்வேலை எமக்குக் கிடைத்தது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், ஏதோ ஒரு பெரிய உடற்குறையோடு வாழ்கிறார். அந்தத் தொகையும் பெரியவரின் மனத்தில் ஏறியிராது. அவர் வாசிக்க முடியாமற் போன தம்முடைய சொந்த இலக்கமே ஏறியது. இச்சபையிலும் ஐம்பதைத் தாண்டியவர்கள் எழுத்தைப் பெருப்பித்துப் பார்க்கிறீர்கள் என்பது எமக்குத் தெரியும். அந்தத் துணையையும் தடுத்து வைத்த தளங்கள் இருக்கின்றன.

இவ்வளவும் அனுபவப்பட்ட பின் நாம் செய்த பெரிய மாற்றம் ஒன்றுண்டு. விலைக் குறிப்பில் அந்த வரியை இப்போது எழுதுவதே இல்லை. மேசன் ஒருவர் 'சுவருக்குத் தூக்குக்குண்டு பிடித்த கூலி' என்று தனியாகக் கணக்கெழுதுவாரா? எழுதினால் வீட்டுக்காரர், 'அதை விடும், கண்மட்டத்திற் கட்டும்' என்று சொல்லத்தான் செய்வார். பிழை வீட்டுக்காரருடையதன்று, வெட்டக் கூடியது என்று காட்டியவருடையது. ஆகவே நியமப்படி கட்டுதல் என்பது கட்டுதல் என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கி விட்டது. விலை சிறிது கூடித்தான் இருக்கும். மலிவாகக் கட்டுவோரிடம் போனவர்களும் உண்டு. ஓராண்டில் இரண்டு நல்ல வேலைகளை இதனால் இழந்தோம். அம்மாதங்களில் வாடகைக்குக் கடன் பட்டோம். வாலிபர்களுக்கு இதனையும் மறைக்காமற் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். இது இலாபம் மட்டுமே தரும் வழி என்று எவராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

அது போலவே, ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் தானாகவே எல்லோர்க்கும் எட்டும் என்று விற்கப்படும் மந்திரங்களையும் நம்ப வேண்டாம். அவ்வகைக் கம்பெனிகளுள் ஒன்றான அக்ஸெஸிபீ, தன் கருவி செய்யாததைச் செய்யும் என்று விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவின் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, 2025இல் 10 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. கட்சிக்காரர் அந்த விளம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, 'இதைப் போட்டால் போதுமே' என்பார். அப்போது அவருடன் பொறுமையாக இருக்கப் பழகுங்கள். முன்னர் நாமும் அதனைப் போட்டுப் பார்த்தவர்களே.

உதவிப் பணத் தளத்தை அடுத்த ஆண்டு கூலியின்றித் திருத்திக் கொடுத்தோம். அறிவித்தலை யூனிக்கோட் தமிழில் எழுதினோம், கட்டங்களுக்குப் பெயர் கட்டினோம், திரைவாசிப்பானில் முதலிலிருந்து முடிவு வரை நாமே கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிப் பார்த்தோம். அதன் பின் அந்த மாணவியை அழைத்துச் சொன்னோம். அவர் நன்றி கூறினார். ஆனால் அவ்வாண்டு அவர் இறுதிப் பரீட்சை எழுதி முடித்து விட்டார்; உதவிப் பணம் இறுதியாண்டைத் தாண்டியவர்க்கு இல்லை. தமக்குப் பின்னால் இரண்டு பேர் படிக்கிறார்கள், அவர்களிடம் சொல்கிறேன் என்றார். அவ்விருவரும் விண்ணப்பித்தார்கள்.

தேநீர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் மவுஸ் இல்லாத கணினி ஒன்றும், திரைவாசிப்பானை இயக்கித் திரையை இருட்டாக்கிய தொலைபேசிகள் இரண்டும் வைத்திருக்கிறோம். எமது சங்கத்தின் இணையத்தளத்தில் இவ்வாண்டு அறிக்கை எங்கே இருக்கிறதென்று தேடிப் பாருங்கள். பெரியோர்கள் முதலில் வாருங்கள்; வாலிபர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காமல் இருங்கள். அத்தளத்தைக் கட்டியவர்களும் நாமே. குறை காணின் இன்றிரவே எம்மிடம் கூறலாம். காரியதரிசியாரிடம் குறிப்புப் புத்தகம் ஒன்று கொடுத்திருக்கிறோம்.